உபதேசியாரின் மலைக்கு வழி கேட்டவர்களுக்கு

ஜவ்வாது மலைக்கு வழி கேட்டு எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். உபதேசியாரைப் பற்றிய சிறு புத்தகத்தைப் படித்தோம். அவர் ஊழியம் செய்த ஊரைப் பார்க்க வேண்டும். இப்போது அங்கே ஜெபவீடு நடத்துகிற சகோதரர் தலையில் கைவைத்து ஜெபிப்பாராமே. எங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. எனவே என் பயணப் பதிவுகளில் ஒன்றாக, மொத்தமாக இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல நேரம், கட்டணம், தூரம் எல்லாம் இருக்கும். வழக்கத்துக்கு மாறாக என் வீட்டு விஷயமும் இருக்கும். அது இல்லாமல் இந்த வழியைச் சொல்ல முடியாது.

அந்த உபதேசியார் என் அப்பாவின் தாத்தா. புத்தகத்தை எழுதியவர் அப்பா. ஜெபவீடு நடத்துகிறவர் என் அண்ணன். அண்ணனுக்குக் காசநோய். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை இரண்டாம் மாத முடிவில் நிறுத்திவிட்டார். இது ரகசியம் இல்லை. கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று அவரே மேடையில் சாட்சி சொன்னார். நிறுத்தி ஐந்து மாதம் கழித்து, மறுபடி இருமுகிறார், இளைத்துவிட்டார் என்று போய்வந்த ஒருவர் சொன்னார். அவரை மலையிலிருந்து இறக்கிச் சிகிச்சைக்கு அழைத்து வருவதற்காகத்தான் போன தை மாதம் நான் கிளம்பினேன். சுற்றிப் பார்க்க இல்லை.

வேலூரிலிருந்து காலை 5.40க்குப் பேருந்து. கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகப் போளூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், நாற்பது ரூபாய். போளூரில் இறங்கியதும் பசிக்கும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மலைப்பாதை வயிற்றைப் புரட்டும். நான் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வருந்தினேன். ஜமுனாமரத்தூர் பேருந்து 7.45க்கு. நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், சால்வை வேண்டும். தை மாதக் காற்று காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மலையைத்தான் உபதேசியார் நடந்து ஏறினார். அப்போது சாலை கிடையாது. போளூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் யாரோ சந்தையில் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துக் கிறிஸ்தவரானார். வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து, பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு சிலேட்டுப் பலகையும் அரிக்கேன் விளக்கும் வேதப் புத்தகமுமாக மலைக்கு வந்தார். வருஷத்தில் ஏழு மாதம் மலை, ஐந்து மாதம் போளூரில் மனைவி மக்களோடு. இப்படிப் பதினோரு வருஷம். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, பொழுது சாய்ந்தால் களத்துமேட்டில் உட்கார்ந்து பெரியவர்களுக்கு வேதக்கதை. கடைசியில் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார்.

இதெல்லாம் அவருடைய நாட்குறிப்புகளிலிருந்து தெரிந்தவை. கறுப்புத் துணி அட்டை போட்ட ஐந்து நோட்டுகள். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டார். எந்த ஊருக்குப் போனார், யார் கேட்டார்கள், என்ன சாப்பிட்டார். "இன்று ஒருவரும் கேட்கவில்லை. நாய் ஒன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தது. சாமைக் களி." இப்படி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நாயால்தான். அந்த வரி புத்தகத்தில் இல்லை.

இல்லாத வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா புத்தகம் எழுதியபோது எனக்குப் பத்தொன்பது வயது. தட்டச்சு செய்து, பிழை திருத்தி, நடையைச் சீராக்கியது நான். நோட்டுகளில் வாரம் நான்கைந்து முறையாவது ஒரே மாதிரி ஒரு குறிப்பு வரும்: "குளிர்காய்ச்சல். ஜெபித்தேன். கொயினா கொடுத்தேன். நாக்கைப் பார்த்தேன்." கொயினா என்றால் அந்தக் காலத்து மலேரியா மருந்து. தபால் ஆபீசிலேயே பொட்டலமாக விற்பார்களாம். போளூருக்கு இறங்கும்போதெல்லாம் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். அப்பா ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து எல்லாக் கொயினாவையும் அடித்தார். "சாட்சிக்கு இடறலா இருக்கும்மா. படிக்கிறவங்க மருந்துதான் வேலை செஞ்சுதுன்னுவாங்க." அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. இருப்பதில் பாதியை எடுக்கச் சொன்னார். நானும் எடுத்தேன். "ஜெபித்தேன். மறுநாள் காய்ச்சல் விட்டது." வாக்கியம் அழகாக வந்ததில் பெருமைகூடப் பட்டேன்.

புத்தகம் மூன்று முறை அச்சாயிற்று. கன்வென்ஷன் கூட்டங்களில் விற்றது. பிறகு ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கீழ்த்தட்டில் இருந்த ஐந்து நோட்டுகளும் கூழாகிவிட்டன. அப்பாவும் இறந்துவிட்டார். கொயினா எழுதியிருந்தது என்பதற்கு உலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி. அண்ணன் நோட்டுகளைப் படித்ததே இல்லை. அவர் படித்தது புத்தகத்தை. அதைப் படித்துத்தான் நல்ல வேலையை விட்டுவிட்டு உபதேசியாரின் ஊருக்கே போனார். அதைப் படித்துத்தான் மாத்திரையையும் நிறுத்தினார்.

9.50க்கு ஜமுனாமரத்தூர். அன்று சந்தை நாள். சந்தை நாளில் போவது நல்லது, உள்ளூர்களுக்கு ஷேர் ஜீப் கிடைக்கும், முப்பது ரூபாய். மற்ற நாட்களில் தனி ஆட்டோ நானூறு கேட்பார்கள். 10.30க்கு ஏறினேன். பதினோரு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஊரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, இங்கே எழுதப்போவதில்லை.

ஜீப்பில் பதினான்கு பேர். ஓட்டுநர் ஏழுமலைக்கு வண்டி ஓட்டுவதைவிடப் பேசுவதில்தான் கவனம். கடைசியாகத் தொற்றிக்கொண்ட ஒருவரைப் பார்த்து, "மாமா, கதவச் சாத்திக்கினியா?" என்றார்.

"சாத்திட்டேன்டா."

"எங்க, நாக்க நீட்டு."

அந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். சற்றும் யோசிக்காமல் நாக்கை நீட்டினார். வண்டி முழுவதும் சிரிப்பு. "பின்னாடி வந்து பாத்தா கதவு தொங்குது, மாமா நாக்கும் தொங்குது" என்றார், இறங்கிப் போய்ப் பார்த்த ஏழுமலை.

என் பக்கத்தில் தோள்பையும் சின்ன ஐஸ் பெட்டியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் செல்வி. மலை ஊர்களுக்குக் காசநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற சுகாதாரப் பணியாளர். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். எதற்கு நாக்கை நீட்டச் சொல்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அது எங்க மலைப் பேச்சுங்க. செஞ்சேன்னு சொன்னா, எங்க, நாக்க நீட்டுன்னுவோம். அந்தக் காலத்துல ஒரு உபதேசி இருந்தாராம். வெசக் காய்ச்சலுக்குக் கசப்புப் பொடி குடுப்பாராம். இதுங்க வாயில போட்டுக்கினு போய் வேலியாண்ட துப்பிடுமாம். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. அதனால எதிர்லயே முழுங்க வெச்சி, நாக்க நீட்டுன்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் வூட்டுக்கு வுடுவாராம். இப்ப நான் மாத்திரை குடுத்தாலும் அதான். நான் கேக்கவே வேணாம். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் முழுங்கிட்டு தானா நாக்க நீட்டிடும்."

"நாக்கைப் பார்த்தேன்." நோயறிய நாக்கைப் பார்த்திருக்கிறார் என்றுதான் நானும் அப்பாவும் நினைத்திருந்தோம். தண்ணீரில் போன நோட்டு ஒரு ஊரின் பேச்சில் மிச்சமிருக்கிறது.

"வேதம் சொல்லுவாரா?" என்று கேட்டேன்.

"கதை சொல்லுவாராம், நல்லா இருக்குமாம். கேட்டுட்டு எழுந்து போய்டுவாங்களாம். ரெண்டு மூணு பேரு சேந்தாங்கன்னு சொல்லுவாங்க. அவங்க வூட்டுப் பசங்க எல்லாம் இப்ப எங்களோடதான் பொங்கல் வெக்கறாங்க." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க ஜெபவூட்டுக்குத்தானே? ஜாடையப் பாத்தா... அவரு தங்கச்சியா? உங்க அண்ணன் ஒருத்தருதாங்க எனக்கு நாக்க நீட்டாத ஆளு."

ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம், முக்கால் மணி நேர நடை. செல்வியும் கூடவே வந்தார். களங்களில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வழி நெடுக அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். காலையில் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக, இன்று மாலை அண்ணனும் நானும் ஒன்றாகப் பேருந்தில் இறங்குவோம் என்று நினைத்தேன். ஒரு ஊரே சாட்சி சொல்லும்போது அவர் என்ன மறுத்துவிட முடியும்?

ஜெபவீடு என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. குளிருக்காக ஒரே ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. எதிரே ஆரணியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவும், அவர் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தையும். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சலாம். அம்மாவின் கையில் எங்கள் புத்தகம்.

"வா பாப்பா" என்றார் அண்ணன். "இன்னா, எனக்குப் பயந்துதான் மூஞ்ச மூடிக்கினு வந்தியா?"

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். மூன்று நிமிடம் இருக்கும். பிறகு செல்வி என் முழங்கையைத் தட்ட, மறுபடி போட்டுக்கொண்டேன். அந்த மூன்று நிமிடத்தை நினைத்தால், உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

செல்வி ஜன்னலைத் திறந்துவிட்டு, பையிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். "அண்ணா, மாத்திரைய அப்பறம் பேசிக்கலாம். நடுவுல வுட்டதால மொதல்ல டெஸ்ட் பண்ணணும். சளி மட்டும் குடுங்க."

"அந்த டப்பாவ எடுத்துப் போய் உப்புப் போட்டு வெச்சிக்கம்மா, ஒதவும்."

"உப்புக்கு வூட்ல டப்பா கீதுங்கண்ணா. சளிக்குத்தான் ஆள் கெடைக்கல."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அது அடங்கியதும் நான் தொடங்கினேன். ஜீப்பில் கேட்டதைச் சொன்னேன். செல்வி ஆமாம் போட்டார். உபதேசியார் மருந்து கொடுத்தவர், ஒவ்வொரு வாரமும் கொடுத்தவர், இந்த மலைக்கு அவரை மருந்தாகத்தான் ஞாபகம் இருக்கிறது என்றேன்.

அண்ணன் அந்த அம்மாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் தேடாமலே திறந்து, வாசித்தார். "அவர் தம் வாழ்நாளில் மருந்து என்று ஒன்றைத் தொட்டதில்லை, கர்த்தரே அவருக்கு வைத்தியர்." புத்தகத்தை மூடினார். "ஐம்பத்தெட்டாம் பக்கம். அப்பா பொய் எழுதுவாரா பாப்பா?"

"அப்பா கொயினாவ மட்டும்தாண்ணா எடுத்தாரு. இந்த வரிய அப்பா எழுதல."

"பின்ன?"

"நான் எழுதினேன். நோட்டுல அப்படி எதுவும் இல்ல. அந்த அதிகாரம் சப்புனு முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. முடிவு நல்லா இருக்கட்டும்னு நானே ஒரு வரி போட்டேன். அப்பா படிச்சிட்டு, நல்லாருக்குன்னு வுட்டுட்டாரு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதப் பாத்து எழுதின?"

"எதையும் பாக்கல."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லண்ணா."

"அப்ப அந்த வரி எங்கேர்ந்து வந்துச்சி?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை இளைத்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "பத்தொம்பது வயசுப் பொண்ணு, அவளுக்கே தெரியாம, ஆவியானவர் அவ கைய புடிச்சி எழுத வெச்சிருக்காரு. இத்தன வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே பாப்பா."

ஆரணி அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமென்" என்றார்.

உண்மை என்று ஒன்றை எடுத்துப்போனேன், அதையும் சாட்சியாக்கிவிட்டார். அடுத்த கன்வென்ஷனில் இதைச் சொல்வார், நிச்சயம். செல்வி மட்டும் விடவில்லை. "உபதேசியாரு ஜெபமும் பண்ணாரு, பொடியும் குடுத்தாரு. ரெண்டையும் பண்ணுங்களேன் அண்ணா. உங்க சாமி கோச்சிக்குமா?" அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: "விசுவாசம் இல்லாதவங்களுக்குக் குடுத்திருப்பாரும்மா. எனக்கெதுக்கு?" டப்பாவை எடுத்துச் செல்வியின் கையிலேயே திருப்பி வைத்தார். எனக்குச் சாமைச் சோறும் கீரையும் போட்டார். சாப்பிட்டேன். சின்ன வயதில் போலவே, என் தட்டில் இரண்டாம் முறை அவராகவே வைத்தார்.

மூன்று மணிக்கு இறங்கினோம், அண்ணன் இல்லாமல். செல்வி எவ்வளவோ சொல்லி, ஆரணி அம்மாவைக் குழந்தையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஜமுனாமரத்தூரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டுப் போகலாம் என்று பேச்சு. ஜீப் அங்கே நின்றதும் அந்த அம்மா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இப்ப சூடு கொறஞ்சிடுச்சிங்க. ஜெபம் பண்ணதுதான்" என்று சொல்லிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த போளூர்ப் பேருந்தில் ஏறிவிட்டார். நாங்கள் ஓடினோம். பேருந்து போய்விட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அவர் இதைப் படித்தால், குழந்தைக்குக் கட்டாயம் பரிசோதனை செய்துவிடுங்கள் அம்மா. உங்களுக்கும்.

நான் ஐந்து மணிப் பேருந்தில் இறங்கினேன்.

மதமும் நம்பிக்கையும் பற்றி நிறையப் புத்தகங்கள் படித்தவள் நான். படித்தது எதுவும் அந்தத் தகர அறையில் உதவவில்லை. உபதேசியார் பதினோரு வருஷம் பேசி, நோட்டுக் கணக்குப்படி மூன்று பேரைச் சேர்த்தார், அந்த மூவரின் பிள்ளைகளும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அது ஒரு ஆளை முழுதாகச் சேர்த்துக்கொண்டது. இன்னும் ஆலயத்துக்குப் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து வருகிறேன். அண்ணன் இன்னும் மலையில்தான் இருக்கிறார். செல்வி வாரத்துக்கு ஒரு முறை போய்விட்டு எனக்குப் போன் செய்வார். "இன்னிக்கும் வேணான்ட்டாருங்க" என்பார். போன வாரம், "பாயிலேர்ந்து எழுந்துக்கல" என்றார்.

இனி, போகத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு.

மலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், நல்ல மலை. ஜமுனாமரத்தூரில் தேனும் புளியும் சாமையும் வாங்குங்கள். கடைசிப் பேருந்தை நம்பாமல் ஐந்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஜெபவீட்டுக்குத்தான் போவேன் என்றால் குழந்தைகளையும் நோயாளிகளையும் அழைத்துப் போகாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், வெளியில் நின்று பேசுங்கள், முகக்கவசத்தை யார் என்ன சொன்னாலும் கழற்றாதீர்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் அதை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அண்ணனிடம் சுகம் கேட்டுப் போகிற நீங்கள் ஒவ்வொருவரும், அவர் சுகமாகிவிட்டார் என்று அவருக்கே சொல்லிவிட்டு வருகிறீர்கள். போகாமல் இருந்தால் அதுவே உதவி.

புத்தகம் வைத்திருப்பவர்கள் மூன்று திருத்தம் செய்ய வேண்டும். இருபத்து மூன்றாம் பக்கத்தில் "ஜெபித்தேன்" என்பதற்குப் பிறகு "கொயினா கொடுத்தேன், நாக்கைப் பார்த்தேன்" என்று சேருங்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் விட்டது என்று வருகிற எல்லாப் பக்கங்களிலும் அப்படியே. முப்பத்தொன்றாம் பக்கத்தில் "அநேகர் ஞானஸ்நானம் பெற்றார்கள்" என்பதை "மூன்று பேர்" என்று மாற்றுங்கள். ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரியை அடித்துவிடுங்கள். பென்சில் போதாது, பேனாவால் அடியுங்கள். அடியில் இருப்பது யாருக்கும் படிக்க வராத அளவுக்கு.